மூன்று விளக்குகள்

தேக பலத்தைச் சோதிப்பதற்கு மத்தியஸ்தர் எதற்கு என்று நேயர்களில் பலர் கேட்கக்கூடும். சங்கீதக் கச்சேரியிலே இன்னாருடைய பாட்டு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று சபையோர் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடலாம். கிரிக்கெட் பந்தயத்திலே பந்து காலில் பட்டதா, மட்டையில் பட்டதா என்பதைப் பற்றி ஒரு வாரம் வரையில் சண்டை நடக்கலாம். ஆனால் இரும்பைத் தூக்கும் விஷயத்தில் என்ன தகராறு இருக்க முடியும்? இரும்பு தரையில் கிடக்கிறது. ஒருவன் வந்து கையை வைக்கிறான். தூக்கினால் தூக்கினான், இல்லாவிட்டால் இல்லை. சிறு குழந்தைக்குக் கூடப் புரியக்கூடிய இந்த உண்மையைச் சொல்வதற்கு மூன்று மத்தியஸ்தர்களும், ஆளுக்கு இரண்டு விளக்குகளும், பெரிய போட்டிகளில் அவர்களுக்கு மேலே ஒரு ஜூரியும் வேண்டுமா?

வேண்டும் என்பதே நமது கட்சி. அதுமட்டுமல்ல, அந்த மூன்று விளக்குகள் இல்லாவிட்டால் தூக்கியவனுடைய பலத்துக்கே மதிப்பில்லாமல் போய்விடும் என்றுகூடச் சொல்வோம். இதைத் தெளிவாக்குவதற்கு ‘வலுதூக்கும் போட்டி’ என்று இக்காலத்தில் சொல்லப்படும் ‘பவர்லிப்டிங்’ பந்தயத்தைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேறு இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். ஒலிம்பிக் பந்தயத்தில் நடப்பது பளு தூக்குதல். இரும்புத் தண்டைத் தலைக்கு மேலே உயர்த்தும் வித்தை. நாம் பேச எடுத்துக்கொண்ட வலுதூக்குதல் அதனுடைய தம்பி. இதில் தலைக்கு மேலே எதையும் தூக்குவதில்லை. தோளில் இரும்பைச் சுமந்துகொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பது ஒன்று. பலகையில் மல்லாந்து படுத்து மார்பிலிருந்து இரும்பை மேலே தள்ளுவது ஒன்று. தரையில் கிடக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது ஒன்று. ஆங்கிலத்தில் இவற்றை ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிப்ட் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றிலும் செல்லுபடியான சிறந்த எடையை எடுத்து, மூன்றையும் கூட்டினால் வருகிற தொகை யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி.

தம்பி பிறந்த கதையிலேயே மத்தியஸ்தருடைய கஷ்டமும் கலந்திருக்கிறது. 1928-ம் வருஷம் முதல் ஒலிம்பிக் பளு தூக்கும் பந்தயத்தில் மூன்று வகைகள் இருந்து வந்தன. அவற்றில் ஒன்று ‘பிரஸ்’. தோள் வரையில் கொண்டு வந்த தண்டை, உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கைகளின் பலத்தினால் மட்டுமே தலைக்கு மேலே உயர்த்த வேண்டும். சட்டம் என்னவோ எளிதுதான். ஆனால் மனித சுபாவம் அவ்வளவு எளிதல்லவே! வீரர்கள் முதலில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்கள். கொஞ்சம் சாய்ந்தவருக்கு வெள்ளை விளக்குக் கிடைத்ததும் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். நாளடைவில் இடுப்பை முன்னே தள்ளி, முதுகை வில்லாக வளைத்து, பாதி படுத்த நிலையிலேயே தண்டை மேலே அனுப்பும் வித்தை வளர்ந்துவிட்டது. எவ்வளவு சாய்வு வரையில் ‘நிமிர்ந்த நிலை’ என்று ஒப்புக்கொள்வது? ஒரு மத்தியஸ்தர் சரி என்றதை இன்னொருவர் தவறு என்றார். கடைசியில் 1972-ம் வருஷம் மியூனிக் ஒலிம்பிக் பந்தயம் முடிந்ததும், அந்த வகையையே போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அதே சமயத்தில்தான் தம்பி தலையெடுத்தான். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து யார்க் நகரில் 1964-ல் இந்த மூன்று தூக்குகளுக்கும் பெரிய போட்டி ஒன்று நடந்தது. 1965-ல் அது தேசியப் போட்டியாயிற்று. 1972-ல் சர்வதேச சம்மேளனம் ஏற்பட்டது. 1973-ல் அதே மாகாணத்து ஹாரிஸ்பர்க் நகரில் அச்சம்மேளனத்தின் முதல் உலகப் போட்டி நடந்தது. 1980-ல் பெண்களுக்கும் உலகப் போட்டி தனியே ஆரம்பமாயிற்று. ஆக, மத்தியஸ்தம் செய்ய முடியவில்லை என்று அண்ணன் ஒரு தூக்கைக் கைவிட்ட அதே காலத்தில், மத்தியஸ்தம் செய்வதற்கு அதைவிடக் கடினமான மூன்று தூக்குகளைத் தம்பி தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். தைரியசாலிதான்!

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஸ்குவாட் என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. தண்டாலும் பஸ்கியும் நம்முடைய பழைய தேகாப்பியாசங்கள். பஸ்கி எடுப்பவன் முதுகில் அவன் எடையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இரும்பை ஏற்றி வைத்தால் அதுதான் ஸ்குவாட். தண்டைத் தாங்கியிலிருந்து தோளில் எடுத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து, முழங்காலை நேராக வைத்து அசையாமல் நிற்க வேண்டும். தலைமை மத்தியஸ்தர் ‘ஸ்குவாட்’ என்று உத்தரவு கொடுத்த பிறகே இறங்க வேண்டும். ஏறி நின்று மறுபடியும் அசையாமல் இருந்தபின் ‘ராக்’ என்று அவர் சொல்லும் வரையில் இரும்பைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் வித்தை எங்கே இருக்கிறது? மூச்சில் இருக்கிறது முதலாவது. இறங்குவதற்கு முன் வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்கி, இடுப்பில் கட்டிய தோல் பட்டையின் மேல் வயிற்றை அழுத்தினால், நடு உடம்பு நெல் அடைத்த மூட்டையைப் போல் கெட்டியாகிவிடுகிறது. காலியான கோணிப் பையைப் போல் மடங்குவதில்லை. இரண்டாவது, இரும்பின் கனம் எப்போதும் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். முன்னங்காலுக்குப் போனாலும் ஆபத்து. குதிகாலுக்குப் போனாலும் ஆபத்து. மூன்றாவது, முழங்கால்கள் உள்ளே மடிந்துவிடாமல் கால் விரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. எவ்வளவு தாழ இறங்கினான்? சட்டம் சொல்லுவது இது: இடுப்பு மூட்டின் அருகே தொடையின் மேற்பரப்பானது முழங்காலின் உச்சியைக் காட்டிலும் தாழ்ந்திருக்க வேண்டும். படிப்பதற்குச் சுலபமாயிருக்கிறது. ஆனால் இருபது வருஷம் இரும்போடு உறவாடியவனுடைய தொடை எப்படியிருக்கும் என்பதை நேயர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். ஒரு கணத்தில் இறங்கி மறு கணத்தில் ஏறிவிடுகிறான். அந்தக் கண்ணிமைப் பொழுதில், ஒரு மடிப்புக்கும் ஒரு முட்டிக்கும் நடுவே எது தாழ்வு, எது உயர்வு என்பதைப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர் கண்டு சொல்லவேண்டும்! ஒரு விரற்கடைதானே என்று விட்டுவிடலாமா என்றால், கூடாது. ஆழம் போகப் போகத்தான் எழுந்திருப்பது கஷ்டம். ஒரு விரற்கடையை மிச்சம் பிடிப்பவன் பல கிலோ எடையை லாபமாகச் சம்பாதித்துவிடுவான். படி அளக்கும் வியாபாரி கட்டை விரலைப் படிக்குள்ளே வைத்து அளப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

இரண்டாவது, பெஞ்ச் பிரஸ். படுத்துக்கொண்டு செய்வதால் இது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தலை, தோள்கள், ஆசனப் பகுதி இவை பலகையிலும், பாதங்கள் தரையிலும் பதிந்திருக்க வேண்டும். ‘ஸ்டார்ட்’ என்ற உத்தரவுக்குப் பின் தண்டை மார்புக்கு இறக்க வேண்டும். அங்கே அது அசைவற்று நிற்க வேண்டும். நின்றதைக் கண்ட பிறகே மத்தியஸ்தர் ‘பிரஸ்’ என்பார். ஏன் இந்த நிறுத்தம்? மார்புக்கூடு கொஞ்சம் துள்ளும் தன்மையுடையது; பந்தைச் சுவரில் மோதுவதுபோல் இரும்பை மார்பில் மோதி, எழும்புகிற வேகத்திலேயே மேலே அனுப்பிவிடலாம். நிறுத்தம் அந்தக் கடன் பலத்தையெல்லாம் கொன்றுவிடுகிறது. மிச்சமிருப்பது தூக்குபவனுடைய சொந்தப் பலம் மட்டுந்தான். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதற்குக் கடிகாரக் கணக்கு இல்லை. ஆகையால் வீட்டில் பழகும்போதே சற்று அதிக நேரம் நிறுத்திப் பழகுகிறவன் புத்திசாலி.

தோள்பட்டைகளைப் பின்னால் ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கிக்கொண்டு, மார்பை உயர்த்தி வைத்துக்கொள்வது நல்ல முறை. தோள் மூட்டுக்கும் அது பாதுகாப்பு. ஆனால் இங்கேயும் மனித சுபாவம் வேலை செய்தது. முதுகு நன்றாக வளையக் கூடியவர்கள் பாலம்போல் வளைந்து, கைகளையும் அகலமாக வைத்துக்கொண்டு, தண்டு நகர வேண்டிய தூரத்தைச் சில அங்குலத்துக்குக் குறைத்துவிட்டார்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கும் நடுவே 81 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற பழைய விதி இதற்குப் போதவில்லை. ஆகவே, தண்டு மார்பைத் தொடும்போது முழங்கை மூட்டின் அடிப்புறம் தோள் மூட்டின் மேற்பரப்புக்குச் சமமாகவாவது, அதற்குக் கீழாகவாவது வரவேண்டும் என்று 2023-ம் வருஷம் முதல் சர்வதேச சம்மேளனம் புது விதி செய்தது. வளைவைத் தடுக்கவில்லை, ஆனால் வளைவினால் வருகிற லாபத்துக்கு ஓர் எல்லை கட்டியது. ‘பிரஸ்’ தூக்குக்கு நேர்ந்த கதி இதற்கும் நேராமலிருப்பதற்கு இதுதான் வழி என்பது நமது அபிப்பிராயம். நாளுக்கு நாள் நழுவிப் போகிற விதியைக் காலத்தில் இறுக்கிவிட்டால், தூக்கையே தூக்கியெறிய வேண்டிய அவசியம் வராது.

மூன்றாவது, டெட்லிப்ட். மூன்றிலும் இதுதான் மிக யோக்கியமான தூக்கு. இரும்பு ஜீவனற்றுத் தரையில் கிடக்கிறது. முந்தைய இரண்டிலும் இறங்குகிற வேகம் ஏறுவதற்குச் சிறிது உதவி செய்யும். இதில் அந்த உதவி இல்லை. குனிந்து, பிடித்து, நிமிர வேண்டியதுதான். உத்தரவும் ஒன்றே ஒன்று: நிமிர்ந்து நின்றபின் ‘டவுன்’. தண்டைக் காலோடு ஒட்டியபடி கொண்டுவருவது வித்தையின் உயிர்நாடி. காலை விட்டு விலகிய ஒவ்வோர் அங்குலத்துக்கும் முதுகு வட்டி கட்டவேண்டும். கால்களை நெருக்கி வைத்துத் தூக்குகிறவர்களும் உண்டு. ஜப்பானிய மல்லர்களைப் போல் அகட்டி வைத்துத் தூக்குகிறவர்களும் உண்டு. இரண்டும் சட்டத்துக்குச் சம்மதமே. விரல்கள் வழுக்காமலிருக்க ஒரு கையை உள்முகமாகவும் மறு கையை வெளிமுகமாகவும் வைத்துப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் தண்டு உருண்டு நழுவாது. மணிக்கட்டில் வார் கட்டித் தண்டோடு பிணைத்துக்கொள்வது மட்டும் கூடாது.

இந்த யோக்கியமான தூக்கிலும் மத்தியஸ்தருக்கு வேலை உண்டு. தண்டைத் தொடையிலே சார்த்தி வைத்து, முழங்காலை மடக்கி மடக்கி ஏணிப்படி ஏறுவதுபோல் ஏற்றக் கூடாது. மேலே வருகிற தண்டு இடையிலே ஒரு தடவை கீழே இறங்கினால் போச்சு. முடிவில் முழங்கால் பூட்டி, தோள்கள் பின்னால் போய், முழுக்க நிமிர்ந்திருக்க வேண்டும். உத்தரவு வருமுன் கீழே வைத்தாலும், வைப்பதற்குப் பதில் கையை விட்டுப் போட்டாலும் தூக்கு வீண்.

இவ்வளவு கண்டிப்பான தூக்கிலேதான் அமெரிக்கரான லமார் காண்ட் 1985-ல் ஓர் அற்புதத்தைச் செய்தார். அவருடைய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தது. அப்படிப்பட்டவர் சுமார் 60 கிலோ தேக எடையுடன், தம் எடையைப்போல் ஐந்து மடங்கான 300 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்றார். ஐந்து மடங்கு தூக்கிய முதல் மனிதர் அவர்தான். முதுகு கோணலாயிற்றே, பாவம் என்று எந்த மத்தியஸ்தரும் விதியைத் தளர்த்தித் தரவேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

இனி, போட்டி நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். வீரர்களை முதலில் எடை போட்டு, தேக எடைக்குத் தக்கபடி வகுப்புப் பிரிக்கிறார்கள். தண்டு மட்டும் 20 கிலோ. வட்டுகள் நழுவாமல் இரு புறமும் மாட்டும் பூட்டுகள் தலைக்கு இரண்டரை கிலோ. குறைந்த எடை கேட்டவர் முதலில் வருவார். எடை ஏறிக்கொண்டே போகும். பெயர் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்துக்குள் தூக்க ஆரம்பிக்க வேண்டும். தூக்கி முடித்த ஒரு நிமிஷத்துக்குள் அடுத்த தடவைக்கு என்ன எடை என்று சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தூக்கில் மூன்று தடவையும் தவறினால், மற்றத் தூக்குகளில் மலையையே பெயர்த்தாலும் கூட்டுத்தொகை கிடையாது. ஆகையால் அனுபவசாலிகள் முதல் தடவைக்குச் சந்தேகமின்றித் தூக்கக் கூடிய எடையைத்தான் கேட்பார்கள். ஆசைக்கு இடம் மூன்றாம் தடவையில்.

இங்கே பலத்தோடு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பேர் போட்டியிடுவதாக வைத்துக்கொள்வோம். முதல்வர் ஸ்குவாட்டில் 210, பெஞ்ச் பிரஸ்ஸில் 130, டெட்லிப்டில் இதுவரை 220. மொத்தம் 560 கிலோ. இரண்டாமவர் 200, 125, 232½, மொத்தம் 557½. ஆனால் இரண்டாமவர் தேக எடையில் சற்று லேசானவர். தொகை சமமானால் லேசானவருக்கே ஜயம் என்பது விதி. இருவருக்கும் கடைசி டெட்லிப்ட் ஒன்று பாக்கி. முதல்வர் 225 கேட்டிருக்கிறார். இரண்டாமவர் 235 என்று சீட்டுக் கொடுத்திருக்கிறார். எடை குறைந்ததால் முதல்வர் முன்னால் வரவேண்டும். அவர் தவறினால் 560-லேயே நிற்பார். இரண்டாமவர் 235 தூக்கினால் 560-க்குச் சமமாகி, தேக எடையினால் வென்றுவிடுவார். அவர் தூக்கிவிட்டாலோ 565 ஆகிவிடும். அப்போது இரண்டாமவருக்கு 240 வேண்டும். கடைசி டெட்லிப்டில் மட்டும், கேட்ட எடையை இரண்டு தடவை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே இரண்டாமவருடைய பயிற்சியாளர், முதல்வருக்கு என்ன விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டு மேஜைக்கு ஓடுகிறார். மாப்பிள்ளை வீட்டாரோடு பேரம் பேசுகிற பெண்ணின் தகப்பனாரைக் காட்டிலும் அதிகமான கவலை அந்த முகத்தில் தெரியும்.

அந்த விளக்கைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும். மேடைக்கு எதிரே தலைமை மத்தியஸ்தர் ஒருவர். இரு பக்கங்களிலும் இருவர். தூக்கு முடிந்தவுடன் மூவரும் தனித்தனியே பொத்தானை அழுத்துகிறார்கள். வெள்ளை என்றால் செல்லும். சிவப்பு என்றால் செல்லாது. மூன்றில் இரண்டு எதுவோ அதுதான் தீர்ப்பு. சிவப்புக் காட்டியவர் காரணமும் சொல்லவேண்டும். அதற்காகச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று அட்டைகள் வைத்திருக்கிறார்கள். ஸ்குவாட்டில் சிவப்பு அட்டை என்றால் ஆழம் போதாது. பெஞ்ச் பிரஸ்ஸில் மார்பு வரையில் இறக்காதது முதலியவை. டெட்லிப்டில் முழுக்க நிமிரவில்லை. காரணம் சொல்லாத தண்டனை மனிதனைச் சிறுமைப்படுத்தும். காரணம் சொல்லிய தண்டனை அவனுக்குப் பாடம். தோற்றவன் அடுத்த நிமிஷமே திருந்தி வரலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாராயிருந்தாலும் நமது வந்தனத்துக்கு உரியவர்.

ஆனால் உலகத்தில் சிவப்பு விளக்கைக் கண்டு திருந்துகிறவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? சிவப்பு விளக்கு இல்லாத ஊருக்குக் குடிபோகிறவர்களும் உண்டு. வலுதூக்குதலுக்கு நேர்ந்த பெரிய சங்கடம் இதுதான். சர்வதேச சம்மேளனம் ஒன்று இருக்கையிலேயே வேறு பல சம்மேளனங்கள் கிளம்பின. சிலவற்றில் மருந்துச் சோதனை உண்டு, சிலவற்றில் இல்லை. சிலவற்றில் ஆழம் என்றால் ஆழந்தான். சிலவற்றில் ‘ஏறக்குறைய ஆழம்’ போதும். ஒரே தூக்குக்கு ஒரே சமயத்தில் பல ‘உலக சாதனைகள்’ இருக்கின்றன. உலகம் ஒன்றுதான் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம்!

உடுப்பு இன்னொரு தொல்லை. 1980-களில் பெஞ்ச் பிரஸ் செய்வதற்கென்று விறைப்பான சட்டைகள் வந்தன. இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டால் இரும்பு இறங்கும்போது துணி இழுபட்டு, ஏறும்போது வில்லைப்போல் உதவும். கனமான இரும்பு இல்லாவிட்டால் தண்டு மார்பைத் தொடக்கூடத் தொடாது, அவ்வளவு விறைப்பு! இப்படிப்பட்ட சட்டையுடன் ஜீன் ரிச்லாக் என்னும் அமெரிக்கர் 2004-ல் 1,005 பவுண்டு தள்ளினார். சட்டை இல்லாமல் ஜூலியஸ் மாடக்ஸ் என்பவர் 2021-ல் தள்ளியது 355 கிலோ, அதாவது சுமார் 782 பவுண்டு. இருவரும் மகா பலசாலிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைப்பது பாலையும் தண்ணீர் கலந்த பாலையும் ஒரே விலைக்கு விற்பது போலாகும். கலந்ததைக் கலந்தது என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை.

சர்வதேச சம்மேளனத்தார் இதை உணர்ந்து, உதவி உடுப்பு இல்லாத தூக்குக்கு ‘கிளாஸிக்’ என்று பெயரிட்டு, 2013-ல் ருஷியாவில் ஸுஸ்டால் நகரிலே அதற்குத் தனி உலகப் போட்டி ஆரம்பித்தார்கள். அதற்குப் பின் வீரர் கூட்டம் பெருகிற்று. 2016-ல் ரே வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் இடுப்புப் பட்டையும் முழங்கால் உறையும் மாத்திரம் அணிந்து 456 கிலோவை, அதாவது 1,005 பவுண்டைத் தோளில் சுமந்து, உட்கார்ந்து எழுந்தார். அந்தச் செய்தி உலகெங்கும் பரவியதற்குக் காரணம் எண் மாத்திரம் அல்ல. மருந்துச் சோதனையுள்ள தேசியப் போட்டியில், மத்தியஸ்தர்களுக்கு முன்னால், சட்டம் சொன்ன ஆழத்துக்கு இறங்கி எழுந்தார் என்பதே காரணம்.

இரக்கமுள்ள நேயர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். “மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு பிள்ளை மேடைக்கு வருகிறான். அரை விரற்கடை குறைந்துவிட்டது. தாய் தகப்பனார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மத்தியஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை விளக்கைப் போட்டால் என்ன குடி முழுகிவிடும்?”

குடி முழுகத்தான் செய்யும். முதலாவதாக, அதே மேடையில் அரை விரற்கடை குறையாமல் இறங்கி, அதனால் பத்துக் கிலோ குறைவாகக் கேட்ட இன்னொரு பிள்ளைக்கு மகத்தான அநியாயம். அந்தப் பிள்ளைக்கும் தாய் தகப்பனார் உண்டு. இரண்டாவதாக, வெள்ளை விளக்கு வாங்கிய பிள்ளைக்கே பெரிய துரோகம். அடுத்த போட்டிக்கு இன்னும் கொஞ்சம் மேலே நிறுத்துவான். கண்டிப்பான மத்தியஸ்தர் ஒருவர் எதிர்ப்படும் நாளில் மூன்று தடவையும் சிவப்பு வாங்கி, கூட்டுத்தொகையே இல்லாமல் வீடு திரும்புவான். அன்றைக்கு அவன் அந்தக் கண்டிப்பான மனிதரைத்தான் வைவானே தவிர, முதலில் தாட்சண்யம் காட்டியவரை வையமாட்டான்.

இரக்கத்துக்கும் மரியாதைக்கும் உள்ள வேற்றுமையைப் பார்க்க வேண்டுமானால், அங்கவீனம் உள்ளவர்களுடைய பாராலிம்பிக் பந்தயத்தைப் பார்க்க வேண்டும். 1964-ல் டோக்கியோவில் பளு தூக்கும் பந்தயமாக இடம் பெற்று, நாளடைவில் வலுதூக்குதலாக மாறிய இந்தப் போட்டியில் பெண்களும் 2000-ம் வருஷத்து சிட்னி பந்தயம் முதல் கலந்துகொண்டு வருகிறார்கள். இதில் பெஞ்ச் பிரஸ் ஒன்றுதான். கால்களைப் பலகையின் மேலேயே நீட்டி வைத்துக்கொள்வதால், தரையைக் காலால் ஊன்றுகிற அனுகூலம் கிடையாது. தண்டு மார்பில் அசையாமல் நிற்க வேண்டும்; இரண்டு கைகளும் சமமாக நீள வேண்டும். விதி இங்கே ஓர் இழையும் தளர்வதில்லை.

இளம்பிள்ளை வாதத்தினால் கால்கள் பாதிக்கப்பட்ட நமது ரஜிந்தர் சிங் ரஹேலு இப்படிப்பட்ட மேடையிலேதான் 2004-ல் ஏதென்ஸில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அதே வியாதியினால் கால் பாதிக்கப்பட்ட சுதீர் 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் பந்தயத்தில் 212 கிலோ தள்ளித் தங்கப் பதக்கம் வாங்கினார். ஈரான் தேசத்து ஸியாமந்த் ரஹ்மான் 2016-ல் ரியோவில் 310 கிலோ தள்ளினார். வாழ்க்கையில் இவர்களைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொன்னவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். ‘நிறுத்தம் போதவில்லை, செல்லாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடியவர்கள் அந்த மேடையிலிருந்த மூன்று பேர்தான். அவர்கள் வெள்ளை விளக்கைப் போட்டபோது அது தானமாக வரவில்லை, சம்பாதித்ததாக வந்தது.

இதையெல்லாம் நாம் எழுதுவது, நேயர்கள் நாளைக் காலையிலே இரும்புத் தண்டு வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்பதற்காக அல்ல. ஆனால் பல வீடுகளில் இக்காலத்துப் பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள், பெண்களும் போகிறார்கள், மிகவும் நல்ல காரியம். வந்து, “அப்பா, இன்றைக்கு நூறு கிலோ ஸ்குவாட் எடுத்தேன்” என்று கைபேசிப் படத்தையும் காட்டுகிறார்கள். அப்போது பெற்றோர்கள் மூக்கின் மேல் விரலை வைத்து ஆச்சரியப்படுவதோடு நின்றுவிடாமல், “எவ்வளவு தாழ இறங்கினாய்?” என்று ஒரு கேள்வி கேட்டுவைக்கலாம். படத்தைப் பக்கவாட்டில் எடுக்கச் சொல்லலாம். மூச்சடக்கி, முதுகு வளையாமல், சரியான ஆழத்துக்கு அறுபது கிலோ எடுக்கிற பிள்ளை, அரைகுறையாக நூறு எடுக்கிற பிள்ளையைக் காட்டிலும் கெட்டிக்காரன் என்று தட்டிக் கொடுக்கலாம். முழங்காலுக்கும் முதுகுக்கும் அதுவே க்ஷேமம்.

அப்படிக் கேட்ட தினத்தில் பிள்ளையின் முகம் சற்று வாடத்தான் செய்யும். மறுவாரம் எடையைக் குறைத்துக்கொண்டு ஆழத்தை அதிகமாக்கிப் படம் எடுத்து வருவான். அன்றைக்கு வீட்டிலுள்ள மூன்று பேர், அப்பா, அம்மா, பாட்டி ஆகியோர், தாராளமாக வெள்ளை விளக்கைப் போடலாம். பாட்டி மட்டும் போன வாரமே போட்டிருப்பாள். அதனாலேதான் மூன்றில் இரண்டு என்று சட்டம் செய்தார்கள் போலிருக்கிறது.